மலையேறிய கருவிகள் (17): ஐம்பது வெற்றுக் கோடுகள்

1983 ஜூலை 15ஆம் திகதி, கியோட்டோவில் இருக்கும் நின்டெண்டோ நிறுவனம் ஃபேமிகொம் என்ற விளையாட்டுப் பெட்டியை ஜப்பானியக் கடைகளில் 14,800 யென் விலைக்கு விற்கத் தொடங்கியது. பன்னிரண்டு நாள் கழித்து, ஜூலை 27ஆம் திகதி, பதுளை எரிந்தது. முற்பகல் பத்தரை மணியளவில் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் தமிழர் ஒருவரின் மோட்டார் சைக்கிளுக்குத் தீ வைத்தார்கள். மதியம் கடைத்தெருவில் கடைகள் எரிந்தன, பிறகு வீடுகள். தீ வைத்த கும்பல் வேன்களிலும் பஸ்களிலும் ஏறி ஹாலி எல, பண்டாரவளை, வெலிமடை என்று போய்க் கொளுத்தியது. இரவுக்குள் லுணுகலைக்கும் நெருப்பு வந்துவிட்டது.

விளையாட்டுப் பெட்டியின் கதையை இப்படித் தொடங்குவது சிலருக்கு உறுத்தலாம். ஆனால் அந்தப் பெட்டியின் வாரிசுகள் பிற்பாடு ஊவா மலைகளுக்கு வந்து சேர்ந்தது, எரிந்து மறுபடி எழும்பிய இந்தக் கடைத்தெருக்கள் வழியாகத்தான். தொண்ணூறுகளில் அவற்றை ஆடிய பிள்ளைகளில் பலருடைய தாய் தகப்பன், அந்த ஜூலையின் இரவுகளைத் தேயிலைச் செடிகளுக்குள் கழித்தவர்கள். நம் மலையின் எந்தக் கருவியின் வரலாற்றை எழுதினாலும் இந்தத் திகதியைத் தாண்டிக்கொண்டு போக எனக்கு மனம் வராது.

போன அத்தியாயத்தில் டிவியைப் பார்த்தோம். 1979இல் ஐ.டி.என்., 1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி. ரூபவாஹினியைக் கட்டிக் கொடுத்தது ஜப்பான். 2,524 மீட்டர் உயரமுள்ள பீதுருதாலகாலையின் உச்சியில் நட்ட கோபுரத்திலிருந்து படம் மலைகளுக்கு இறங்கியது. ஒரு விபரத்தை மட்டும் அங்கே சொல்லாமல் விட்டு வைத்தேன். நிலையத்தைக் கொடுத்த ஜப்பானில் டிவி என்.டி.எஸ்.சி. முறையில், நொடிக்கு 60 தடவை திரையை வரைந்தது. இலங்கை எடுத்துக்கொண்டது பி.ஏ.எல். முறை, நொடிக்கு 50 தடவை. இந்த அத்தியாயம் முழுவதும் அந்தப் பத்து எண்ணிக்கை வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது.

ஃபேமிகொமை வடிவமைத்தவர் மசாயுகி உயேமுரா. ரிக்கோ நிறுவனம் செய்த 8 பிட் செயலி, 2 கிலோபைட் நினைவகம், 60 ஊசிகள் கொண்ட கார்ட்ரிட்ஜ். ஜப்பானில் அது வீட்டுக்கு வீடு போனதும், தாய்வானில் அதன் சில்லுகளைப் படித்து அதேபோலச் செய்ய ஆரம்பித்தார்கள். யு.எம்.சி. என்ற தாய்வான் சில்லு நிறுவனம் செயலிக்கும் படம் வரையும் சில்லுக்கும் மாற்றுச் செய்தது. அவற்றை வைத்து எத்தனையோ பெயர்களில் பெட்டிகள் வந்தன. ரஷ்யாவில் 1992இல் ஸ்டீப்ளர் என்ற நிறுவனம் அப்படி ஒரு பெட்டிக்கு டெண்டி என்று பெயரிட்டு, யானைப் படம் போட்டு விற்றது. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை எங்கும் இந்த வழிப்பட்ட பெட்டிகள்தான் பரவின. நின்டெண்டோவின் பெயரைக் கேள்விப்படாமலே அதன் விளையாட்டுகளில் தேறியவர்கள் நாங்கள். எங்களுக்கு அது டிவி கேம். அவ்வளவுதான்.

1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டதில் புறக்கோட்டைக்கு வந்து குவிந்த மின்சாதனங்களோடு இவையும் வந்தன. பதுளைக்கும் பண்டாரவளைக்கும் அங்கிருந்து சரக்கு ஏறியது. தோட்டத்துக்கு அவை போன வழி வேறு வேறு. கொழும்பில் கடையில் நின்ற அண்ணன் பொங்கலுக்கு வரும்போது கொண்டு வந்தது ஒன்று. மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்த அம்மா அனுப்பிய காசில் வாங்கியது இன்னொன்று. தீபாவளி முற்பணத்தில் உடுப்புக்கும் பலகாரத்துக்கும் போக மிச்சம் பிடித்தது மற்றொன்று. ஒரு லயத்தில் ஒன்று இருந்தால் அது அந்த லயத்துக்கே சொந்தம் மாதிரி. இஸ்தோப்பில் செருப்புகள் குவிந்து கிடந்தால் உள்ளே கேம் ஓடுகிறது என்று அர்த்தம்.

மின்சாரத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தேயிலை ஸ்டோருக்கு மின்சாரம் இருந்தது. பல ஸ்டோர்கள் வெள்ளைக்காரன் காலத்திலேயே ஓடைத் தண்ணீரில் சக்கரம் சுற்றி எந்திரங்களை ஓட்டின. அந்த ஸ்டோருக்குக் கூப்பிடு தூரத்தில், 10 அடிக்கு 12 அடி காம்பிராவில், மண்ணெண்ணெய் விளக்கு. மின்சார சபையின் கம்பி லயங்களுக்கு வந்தது தோட்டத்துக்குத் தோட்டம், டிவிசனுக்கு டிவிசன் வேறு வேறு ஆண்டுகளில். மேட்டு லயத்துக்கு வந்து பணிய லயத்துக்கு வராமல் நின்றதும் உண்டு. அது வரும் வரை 12 வோல்ட் கார் பெட்டரியில் ஓடும் சின்னக் கறுப்பு வெள்ளை டிவிதான். பெட்டரி இறங்கினால் டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சார்ஜ் ஏற்ற வேண்டும்.

டிவி கேம் பெட்டி இந்த வாழ்க்கைக்கு ஒத்துப் போனதற்கு அதன் உள்ளமைப்பே காரணம். அதன் சில்லுகளுக்குத் தேவை 5 வோல்ட் மட்டும். அதைக் கொடுப்பது 7805 என்ற மூன்று கால் சீராக்கி. 9 வோல்ட் கொடுத்தாலும் 12 வோல்ட் கொடுத்தாலும் அது 5 ஆக்கித் தரும். மிச்சத்தை வெறும் சூடாக வெளியே விடும். ஆகவே அடப்டரை எறிந்துவிட்டு, டிவிக்குப் போகும் பெட்டரிக் கம்பியிலேயே பெட்டியையும் இணைக்க முடியும். செலவாகும் மின்சாரத்தில் பெரும்பங்கு டிவிக்குத்தான். கேமுக்குக் கொஞ்சம் போதும். பெரியவர்கள் கணக்குப் பார்த்தது கேமின் மின்சாரத்தை அல்ல, கேம் ஓடும் நேரத்தில் டிவி தின்னும் மின்சாரத்தை. செய்திக்கும் படத்துக்கும் பெட்டரி மிஞ்ச வேண்டுமே.

கறுப்பு வெள்ளைத் திரையில் ஆடியவர்களுக்கு ஒரு தனிச் சிரமம் இருந்தது. கொன்ட்ரா விளையாட்டில் ஒருவனுக்கு நீலக் கால்சட்டை, மற்றவனுக்குச் சிவப்பு. நம் திரையில் இரண்டும் சாம்பல். பாட்டில் சிட்டியில் முதல் ஆளின் டாங்கி மஞ்சள், இரண்டாம் ஆளின் டாங்கி பச்சை. சுட்டால் பரிசு விழும் எதிரி டாங்கி சிவப்பாக மின்னும். அந்த மின்னலைச் சாம்பல் நிறத்தின் அசைவிலிருந்து கண்டுபிடிக்கக் கண் பழகியிருந்தது. கலர் டிவியில் ஆடி வந்த டவுன் பிள்ளைகளுக்கு நம் திரையில் ஒன்றும் புரியாது.

கார்ட்ரிட்ஜின் மேல் ‘9999999 இன் 1’ என்று போட்டிருக்கும். மெனுவைக் கீழே தள்ளிக்கொண்டே போனால் பட்டியல் முடியாது. உண்மையில் உள்ளே இருப்பவை சில விளையாட்டுகள்தாம். மற்றவை அதே விளையாட்டை இன்னொரு கட்டத்திலிருந்தோ கூடுதல் உயிர்களோடோ தொடங்கும் வாசல்கள். இதை ஏமாற்று என்று தள்ளிவிடலாம். ஆனால் எந்த விளையாட்டுகள் உள்ளே வந்தன என்பதற்கு ஒரு பொறியியல் காரணம் இருக்கிறது. 1984, 85 காலத்து விளையாட்டுகள் மிகச் சிறியவை. பாட்டில் சிட்டி மொத்தம் 24 கிலோபைட்; சூப்பர் மரியோ 40. அவற்றின் கார்ட்ரிட்ஜில் விசேடச் சில்லு எதுவும் கிடையாது. ஒரே மெமரிச் சில்லில் இவற்றை அடுக்கி, எது வேண்டுமோ அந்தப் பகுதிக்குத் தாவுவது சுலபம். பிற்பாடு வந்த பெரிய விளையாட்டுகள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சில்லைக் கேட்டன. அவற்றைக் கூட்டத்தில் சேர்ப்பதற்குச் செலவு கூடும். ஆகவே ஜப்பானில் 1985 முடிந்து பத்து ஆண்டுகள் ஆன பிறகும் நம் மலையில் 1985 நடந்துகொண்டிருந்தது. ரோட் ஃபைட்டர், சர்க்கஸ் சார்லி, பொம்பர்மேன், எக்சைட்பைக், டக் ஹண்ட். அங்கே மறந்து போனவை இங்கே ஒரு தலைமுறையின் முழுச் சொத்து.

கொன்ட்ராவின் முப்பது உயிர் மந்திரம் எப்படி வந்தது என்பது இன்றும் எனக்கு வியப்பு. மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம், பிறகு பி, ஏ. கொனாமியில் வேலை பார்த்த கசுஹிசா ஹஷிமொட்டோ 1986இல் கிரேடியஸ் விளையாட்டைச் சோதிக்கும்போது தன் வசதிக்காக வைத்தது; பிறகு கொன்ட்ராவுக்கும் வந்தது. அவர் 2020இல் காலமானார். எந்தப் புத்தகமும் பத்திரிகையும் எட்டாத டிவிசன்களுக்கு அது வாய் வழியாகவே ஏறி வந்து சேர்ந்தது.

இனி, நான் சொல்ல வந்த முக்கியமான விடயம்.

என்.டி.எஸ்.சி. டிவிக்காகச் செய்த அசல் ஃபேமிகொம் ஒரு படத்தை 262 கோடுகளாக எண்ணும். அவற்றில் 240 கோடுகளில் படம். மிச்ச நேரத்தில் செயலி அடுத்த படத்துக்கு ஆயத்தம் செய்யும். பி.ஏ.எல். டிவி கேட்பது 312 கோடுகள். நின்டெண்டோ ஐரோப்பாவுக்காகச் செய்த பெட்டியில் செயலியின் வேகத்தையே குறைத்து, பல விளையாட்டுகளையும் அதற்கேற்பத் திருத்தி விற்றது. தாய்வான்காரர்களுக்கு அது கட்டுப்படியாகாது. ஜப்பானியக் கார்ட்ரிட்ஜ் ஒரு எழுத்தும் மாறாமல் பி.ஏ.எல். டிவியில் ஓட வேண்டும். அவர்கள் கண்ட தீர்வு எளிமையானது, என் பார்வையில் அழகானதும்கூட. படத்தின் 240 கோடுகள் முடிந்தவுடன், ஆயத்த நேரம் தொடங்குவதற்கு முன், 50 வெற்றுக் கோடுகளைச் செருகினார்கள். 262 அப்போது 312 ஆகிவிடும். அந்த 50 கோடுகளின் நேரத்துக்குத் திரையில் ஒன்றும் வரையப்படாது. விளையாட்டுக்கு எந்த மாற்றமும் தெரியாது. டிவிக்கும் குறை இல்லை.

விளைவு ஒன்றுதான். விளையாட்டின் கடிகாரம் படங்களை எண்ணி ஓடுவது. நொடிக்கு 60 படம் என்று எழுதிய விளையாட்டு 50 படத்தில் ஓடினால் எல்லாம் ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். மரியோ மெதுவாக ஓடுவார், மெதுவாகக் குதிப்பார், காளான் மெதுவாக நகரும். முதல் கட்டத்தில் மேலே 400 என்று தொடங்கும் நேரம், 24 படத்துக்கு ஒன்று வீதம் குறையும். ஜப்பானில் அந்த 400 தீர 160 நொடி. நம்மிடம் 192 நொடி. எதிரிகளும் அதே அளவு மெதுவானவர்கள் என்பதால் ஆட்டத்தின் நியாயம் கெடவில்லை. ஆனால் யோசிக்கக் கிடைக்கும் நேரம் கூடியது. திரையில் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் விழுந்து, படம் சற்றே அமுங்கித் தெரிந்தது.

பாட்டுக்கு நடந்தது இன்னும் நுட்பமானது. கொஜி கொண்டோவின் மரியோ இசையும் படங்களை எண்ணித்தான் அடியெடுத்து வைக்கும். ஆனால் ஒலியின் சுருதியைத் தீர்மானிப்பது செயலியின் வேகம். அசலில் அது 1.79 மெகாஹேர்ட்ஸ், பி.ஏ.எல். குளோனில், அதாவது தாய்வான் நகலில், 1.77. ஆகவே சுருதி ஏறத்தாழ அப்படியே நின்று, காலப்பிரமாணம் மட்டும் இறங்கியது. இது போதாதென்று, பல குளோன் சில்லுகளில் சதுர அலையின் இரண்டு வடிவங்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறிப்போயிருந்தன. அசலில் மெல்லியதாக மூக்கால் வரும் சுரம் இவற்றில் தடித்து வரும், தடித்தது மெலியும். பசறையிலும் மடுல்சீமையிலும் பிள்ளைகள் வாயால் முணுமுணுத்த மரியோ பாட்டு கியோட்டோவில் எழுதிய பாட்டின் இன்னொரு குரல்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், அந்தப் பெட்டிகள் இப்போது இறந்துகொண்டிருக்கின்றன. மேட்டுத் தோட்டங்களின் பனியும் வடகீழ்ப் பருவத்து மழையும் கார்ட்ரிட்ஜின் செப்புப் பற்களைப் பச்சை பிடிக்க வைத்தன. ஓடாவிட்டால் எடுத்து வாயால் ஊதுவோம், உடனே ஓடும். உண்மையில் அதை ஓடச் செய்தது கழற்றி மறுபடி செருகியதுதான். ஊதிய எச்சில் ஈரம் அரிப்பைக் கூட்டியது. பிந்தி வந்த மலிவுப் பெட்டிகளில் தனித்தனிச் சில்லுகளே இல்லை; எல்லாம் பலகையின் மேல் ஒரு கறுப்புப் பிசின் பொட்டுக்குள். அது பழுதானால் திறந்து பார்க்க வழியில்லை. துப்பாக்கிக்கு வேறு கதி. டக் ஹண்டில் விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் தோன்றும்; துப்பாக்கியின் வாயில் உள்ள ஒளி உணரி அதைப் பிடிக்கும். குழாய் டிவி அந்தச் சதுரத்தை அந்தக் கணமே வரைந்துவிடும். எல்.சி.டி. டிவி சற்றுத் தாமதித்து வரையும். அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடும். குழாய் டிவிகள் பழைய இரும்புக்குப் போன பிறகு, நல்ல துப்பாக்கியும் சுட முடியாமல் கிடக்கிறது.

லயக் காம்பிராவில் பழைய பொருளைப் பத்திரப்படுத்த இடமும் இல்லை. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பரணிலிருந்து பெட்டியை இறக்கிய கதைகளைப் படிக்கும்போது எனக்கு இதுதான் தோன்றும். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்தபோது லயங்களும் மனிதர்களும் மண்ணுக்குள் போனார்கள். மண்சரிவு அபாயம் என்று எழுப்பப்பட்டு, கையில் கிடைத்ததோடு பள்ளிக்கூடங்களில் தங்கியவர்கள் ஊவாவில் எத்தனையோ பேர். நம் மக்களின் வீட்டுப் பொருள்களின் வரலாறு பொருள்களாகவே மிஞ்சும் என்று எதிர்பார்க்க முடியாது.

பழைய பெட்டியைக் கணினியில் மென்பொருளாகப் போலச் செய்யும் எமுலேட்டரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. 1996இல் மராத் ஃபைசுல்லின் எழுதிய ஐநெஸ், 1997 ஏப்ரலில் வந்த நெஸ்டிக்கிள் என்று தொடங்கி, இன்று சாதாரணப் போனிலும் ஃபேமிகொம் ஓடுகிறது. இரண்டாயிரங்களில் பதுளையிலும் பண்டாரவளையிலும் கணினி வகுப்புக்குப் போனவர்களில் பலர் அங்கேதான் மரியோவை மறுபடி சந்தித்தார்கள். சந்தித்தவுடன் திகைத்தார்கள். கை ஓடவில்லை. முதல் பள்ளத்திலேயே விழுந்தார்கள். வயது ஏறிவிட்டது, விரல் மந்தமாகிவிட்டது என்று தங்களையே குறை சொல்லிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் விரலில் ஒரு குறையும் இல்லை. எமுலேட்டர் தானாக எடுத்துக்கொள்ளும் வேகம் ஜப்பானிய, அமெரிக்க 60. அவர்கள் பழகியது 50. விளையாட்டு ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடி வந்து அவர்களை மோதியது.

இதற்கு மருந்து இருக்கிறது. மெசன், எஃப்சியுஎக்ஸ் போன்ற எமுலேட்டர்களில் வட்டாரம் என்ற தெரிவில் என்.டி.எஸ்.சி., பி.ஏ.எல். என்பவற்றோடு மூன்றாவதாக டெண்டி என்று ஒன்று உண்டு. அதைத் தெரிவு செய்தால் அந்த 50 வெற்றுக் கோடுகளும் திரும்பி வரும். ஒலிப் பகுதியில் சதுர அலை வடிவங்களை இடம் மாற்றும் தெரிவும் இருக்கிறது; அதையும் போட்டால் பாட்டின் பழைய குரல் வரும். விளையாட்டுக் கோப்பின் தலைப்பில் 16 பைட்டுகள் இருக்கின்றன. நெஸ் 2.0 என்ற புதிய முறைப்படி அவற்றில் ஒன்றின் இரண்டு பிட்டுகள், இது எந்த நாட்டு வேகத்துக்கானது என்று சொல்லும். அங்கே 3 என்று எழுதினால் பொருள்: யு.எம்.சி. 6527பி, அதாவது தாய்வான் குளோன். களவுச் சரக்கு என்று எல்லாரும் ஒதுக்கிய பெட்டிக்கு அந்த முறையில் முறையான ஓர் இலக்கம் கிடைத்திருக்கிறது.

அது ஏன் டெண்டி என்ற பெயரில் இருக்கிறது? ரஷ்யாவில் அந்தப் பெட்டியோடு வளர்ந்தவர்கள் அதை விடாமல் நினைவில் வைத்து, பேசி, எழுதினார்கள். அதே அமைப்புள்ள பெட்டிகளில் நாமும் ஆடினோம், நாம் எழுதவில்லை. அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வு, அங்கே 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்றது. அதுவும் முறையாக வெளியானவற்றின் கணக்கு. நம் ‘9999999 இன் 1’ எந்தக் கணக்கிலும் வராது. யாரோ ஒருவர் அந்தச் சில்லைப் படித்துக் கோப்பாக்கினால்தான் அது இருந்ததற்கே சாட்சி.

சட்டத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எமுலேட்டர் எழுதுவதும் வைத்திருப்பதும் குற்றமில்லை. 2000இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் சோனிக்கும் கொனெக்டிக்ஸுக்கும் இடையிலான வழக்கில் கொனெக்டிக்ஸ் பக்கம் நின்றது. விளையாட்டுகளின் பிரதி அப்படியல்ல. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. இன்றும் விற்பனையில் உள்ள மரியோவைக் காசு கொடுத்து வாங்குங்கள். ஆனால் விற்பனைக்கு வரும் மரியோவில் நம் வேகம் இருக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய பெட்டி எவர் வீட்டிலாவது இன்னும் இருந்தால், கறுப்புப் பொட்டா சில்லா என்று பார்த்துவிடலாம். மின்சாரத்தைக் கழற்றி, அடிப்புறத்துத் திருகாணிகளை எடுத்து மூடியைத் திறவுங்கள். 40 கால்கள் கொண்ட இரண்டு நீளச் சில்லுகள் தெரிந்தால் அவற்றின் மேல் எழுதியிருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்: செயலியில் யுஏ6527பி, படம் வரையும் சில்லில் யுஏ6538 என்று இருக்கக்கூடும். பக்கத்தில் உள்ள உலோகக் கூட்டுப் படிகத்தில் 26.601 என்ற இலக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதோடு, எந்த ஆண்டு, எந்த டவுனில் வாங்கியது, பெட்டரியில் ஓடியதா கரண்டில் ஓடியதா, எந்த டிவிசன் என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். கார்ட்ரிட்ஜை ஊத வேண்டாம். ஐசோபுரோப்பைல் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் பற்களைத் துடைத்தால் போதும்.

அடுத்த அத்தியாயத்தில் கார்ட்ரிட்ஜ் போய் வட்டுத் தகடு வந்த காலம்: மணிக்கணக்கில் காசு வாங்கிய பிளேஸ்டேஷன் கடைகளும், அவற்றின் பக்கத்தில் கொமியூனிகேஷன் கடைகளில் வந்து உட்கார்ந்த கணினிகளும்.

(தொடரும்)